பஸ் காசும் மருந்துதான்

ரத்தப் புற்றுநோயோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து சேரும் ஒரு குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி நோய் அணுக்கள் இருக்கும். எடை போட்டால் ஒரு கிலோ தேறும். சிகிச்சை சரியாக அமைந்தால் முதல் நான்கைந்து வாரத்திலேயே அதில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிடுகிறது. காய்ச்சல் நிற்கும், முகம் தெளியும், பிள்ளை வாய்விட்டுச் சோறு கேட்கும். எலும்பு மஜ்ஜையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாலும் நோய் கண்ணில் படாது.

ஆபத்து தொடங்குவது அங்கேதான். லட்சம் கோடியில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் ஆயிரம் கோடி. அவற்றைத் தீர்த்துக்கட்டவே இரண்டு, இரண்டரை வருஷம் சிகிச்சை நீள்கிறது. அதன் பெரும்பகுதி வீட்டில் நடக்கும்: தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், இடையிடையே ரத்தப் பரிசோதனை. மெர்காப்டோப்யூரினில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்துக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியதை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இருபது மாத்திரைக்கு ஒன்றுக்கு மேல் தவறினாலே அந்த நிலை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு கூலிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, அறை வாடகை, இரண்டு பேரின் கூலி நஷ்டம். ஊரில் இன்னொரு குழந்தை பாட்டியிடம். 'அடுத்த மாசம் போகலாம்' என்று ஒருமுறை தள்ளிப்போட்டால் போதும், மருந்துக்குத் தப்பிப் பிழைத்த அணுக்கள் மறுபடி பெருகலாம். அப்படித் திரும்பும் நோய் பழைய மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைத் தாங்கலாம். இழந்த கூலியைத் தாங்காது.

அதனால் இந்த நோயில் தங்குமிடமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே சொல்வேன். மருந்து வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுவதால், நடைபாதையில் படுத்தெழும் குழந்தைக்குச் சாதாரணக் கிருமியே எமனாகலாம். 2006-இல் மும்பையில் தொடங்கி, பிறகு சென்னைக்கும் வந்த செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்களில் குடும்பத்துக்கு ஒரு தனி அறை, பொதுச் சமையலறையில் தனி அடுப்பு, எல்லாம் இலவசம். அம்மா தன் கையால் சுடச்சுடச் சமைத்த சோறு பிள்ளைக்குக் கிடைக்கிறது. சுத்தமான சூடான உணவு, கிருமிக்கு எதிரான முதல் வேலி.

அடையாறு மருத்துவமனையே நன்கொடையில் எழுந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பணம் திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அடுத்த ஆண்டே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும்வரை அதை விட்டு நீங்கவில்லை.

மெத்தோட்ரெக்சேட்டின் கதையிலும் ஒரு தர்மம் இருக்கிறது. 1947-இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோயை முதன்முதலாகப் பின்வாங்க வைத்த அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட்டின் மூத்த உறவு. அதை உருவாக்கியது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் அவர். நண்பர்கள் உதவியில் படிப்பை முடித்து, மாமனார் திரட்டிய பணத்தோடும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்று தந்த உறுதியோடும் 1922-இல் அமெரிக்கா போனார்.

பணம் கொடுக்க வசதியில்லாதவரும் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. சிகிச்சையின்போது குழந்தையின் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரிந்து, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். தானமாக வரும் தட்டணு, இளமஞ்சள் நிறத்தில் ஒரு பையில், ரத்த வங்கியின் ஆடும் தட்டில் ஓயாமல் அசைந்தபடி இருக்கும். அசைவு நீண்ட நேரம் நின்றால் கெட்டுவிடும். அசைந்தாலும் ஆயுள் ஐந்தே நாள். அதனால் நீண்ட நாள் சேமித்து வைக்க வழியில்லை, ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டணு தானம் செய்ய ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். உங்களுக்கு வயது 18-க்கு மேல், எடை 50 கிலோவுக்கு மேல், உடல்நலம் நன்று என்றால், அருகிலுள்ள ரத்த வங்கியில் உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள்; கூப்பிடும்போது போய்விடுங்கள்.