அந்த லாரியை நான் மறந்துட்டேன்: டிவி பைக் பயணங்களும் நிஜப் பயணமும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவையையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துட்டோம். மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. 25 வயசு, முதல் வேலை. 'லாங் வே ரவுண்ட்' தொடரை ஒரே வாரத்துல பார்த்து முடிச்சிருக்கார். "ஒரு பெரிய அட்வென்ச்சர் பைக் எடுக்கலாம்னு இருக்கேன் ப்ரோ, அஞ்சு வருஷ இஎம்ஐ. பைக் வந்தாதான் பயணம் ஆரம்பிக்கும்னு தோணுது. எடுக்கலாமா?" அவருக்கான பதில்தான் இந்த எபிசோட். நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்தத் தொடர்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஸ்டார் வார்ஸ் படங்கள்ல ஓபி-வானா நடிச்ச யூவன் மெக்ரெகரும், அவரோட நண்பர், நடிகர் சார்லி போர்மனும் 2004 ஏப்ரல் 14 அன்று லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினார்கள். ஐரோப்பா, உக்ரைன், ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா, சைபீரியா. மகதான் துறைமுகத்திலிருந்து விமானத்தில் அலாஸ்கா. அங்கிருந்து கனடா வழியாக அமெரிக்கா. ஜூலை 29 அன்று நியூயார்க். சுமார் 30,000 கிலோமீட்டர், மூன்றரை மாதம். இதுக்கு அப்புறம் 2007-ல ஆப்பிரிக்கா வழியா 'லாங் வே டவுன்', 2020-ல 'லாங் வே அப்', 2025-ல 'லாங் வே ஹோம்'னு தொடர்ந்துட்டே இருக்கு.

அட்வென்ச்சர் பைக்னு சொன்னதும் நம்ம மனசுல ஒரு உருவம் வருதில்ல? உயரமான வண்டி, ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பெரிய டேங்க். அந்த உருவத்தை உலகம் முழுக்கப் பரப்பினதுல இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு இருக்கு. அவங்க முதல்ல கேட்டது கேடிஎம் வண்டி. அந்த நிறுவனம் பின்வாங்கிடுச்சு. பிஎம்டபிள்யூ ஆர்1150ஜிஎஸ் அட்வென்ச்சர் கொடுத்தது. நம்ம அஜித்குமார் பயணப் படங்கள்ல பார்த்த ஜிஎஸ் அதே குடும்பத்தோட பின்னாள் வாரிசுதான்.

இப்போ திரைக்குப் பின்னாடி போவோம். சட்டகத்துக்குள்ள ரெண்டு பேர். ஆனா மூணாவது பைக் ஒண்ணு எப்பவும் கூடவே போகுது. அதுல கேமராமேன் கிளாடியோ வான் பிளாண்டா. தயாரிப்பாளர்கள் தனி வண்டிகள்ல வர்றாங்க. மருத்துவம், பாதுகாப்பு, விசா, எல்லைக் காகிதங்கள் எல்லாத்தையும் கவனிக்க ஆள் இருக்கு. இதை அவங்க ஒளிக்கல. அலுவலகம் போட்டுத் திட்டமிடுறதுலதான் முதல் எபிசோடே நடக்குது. ஆனா பயணம் கிளம்பினதும் கேமரா அந்த ஏற்பாட்டை விட்டுட்டு ரெண்டு பேர் முகத்துக்குப் போயிடுது. நாமளும் கூடவே போயிடறோம்.

நான் சாப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். கிளையண்ட் முன்னாடி பத்து நிமிஷம் டெமோ ஓடும். அது ஓடுறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஆறு பேர் உட்கார்ந்திருப்போம். டெமோ பொய் கிடையாது, நிஜமான கோடுதான் ஓடுது. ஆனா அதைப் பார்த்துட்டு "நாளைக்கே லைவ் போயிடலாமே"ன்னு கிளையண்ட் கேட்டா, நமக்கு வயித்தைக் கலக்கும்.

ஆள்பலத்தை விடப் பெரிய வித்தியாசம் நேரம்னு நான் நினைக்கிறேன். நியூயார்க் போய்ச் சேர அவங்களுக்கு ஒரு தேதி இருக்கு. அதனால ஒவ்வொரு தடங்கலும் திரையில ஒரு நெருக்கடி. எல்லையில காத்திருப்பு, நெருக்கடி. மழை, நெருக்கடி. தேதியே இல்லாம போறவனுக்கு அதே தடங்கல் வேற மாதிரி. டெட் சைமன்னு ஒரு பத்திரிகையாளர். 1973-ல 500 சிசி டிரையம்ஃப் பைக்ல இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். திரும்பி வர நாலு வருஷம். இந்தியாவுக்கும் வந்தார். பிரேசில்ல போலீஸ் பிடிச்சு உள்ளே வச்சதும் அந்தப் பயணத்துல அடக்கம். மெக்ரெகரும் போர்மனும் அவரோட புத்தகத்தைப் படிச்சவங்க. தொடர்லயே மங்கோலியாவுக்கு வந்து அவங்களைச் சந்திக்கிறார்.

பணமும் படையும் இல்லாம போனவங்களும் இருக்காங்க. 1995–96-ல 'மாண்டோ எண்டியூரோ'ன்னு ஏழு பேர் சுசுகி டிஆர்350 பைக்குகள்ல உலகத்தைச் சுத்தினாங்க. துணை வண்டி கிடையாது, அவங்களே வீடியோ எடுத்தாங்க. 2003-ல, அதாவது 'லாங் வே ரவுண்ட்'டுக்கு ஒரு வருஷம் முன்னாடி, லோயிஸ் பிரைஸ்னு ஒரு பிரிட்டிஷ் பெண் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரைக்கும் தனியா போனாங்க. வண்டி? 225 சிசி யமஹா. நம்ம ஊர்ல ஆபீஸ் போற பல வண்டிகளோட அளவுதான். ஜிஎஸ்ஸோட எடை சுமார் 250 கிலோ, சாமான் தனி. கீழே விழுந்தா தனி ஆளா தூக்கிப் பாருங்க. தொடர்ல விழும்போது தூக்க எப்பவும் ரெண்டாவது ஆள் உண்டு.

சரி, அப்போ தொடர் ஏமாத்துதா? இங்கதான் என் கதையைச் சொல்லணும்.

2022 ஜூலை. நானும் ரெண்டு நண்பர்களும் மணாலியில வாடகை பைக் எடுத்து ஸ்பிதிக்குக் கிளம்பினோம். கிராம்ஃபூ – காஸா ரோட்டுல மலையிலிருந்து வர்ற ஓடைகள் ரோட்டுக்குக் குறுக்கே ஓடும். அங்க நாலான்னு சொல்லுவாங்க. காலையில கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற மேல பனி உருகும், மதியத்துக்கு மேல முழங்காலைத் தாண்டும். ஊர்க்காரங்க எல்லாரும் காலையிலயே கடந்துடுவாங்க. நாங்க வழியெல்லாம் வீடியோ எடுத்துட்டு, ரெண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

என் மனசுல ஓடினது அந்தத் தொடரோட சைபீரியக் காட்சி. யாகுட்ஸ்க் – மகதான் ரோடு, எலும்புச் சாலைன்னு பேர். ஆறு, பைக், ரெண்டு பக்கமும் சிதறுற தண்ணி. நண்பன் கரையில போனோட ரெடி. நான் இறங்கினேன். நடுவுல ஒரு கல்லுல சக்கரம் வழுக்கி, வண்டியோட தண்ணிக்குள்ள. எழுந்ததும் முதல் வேலையா செல்ஃப் அழுத்தினேன். "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எதிர்க்கரையில நின்ன லாரியிலிருந்து டிரைவர் கத்தினார். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். "பேட்டா, ஸ்டார்ட் பண்ணாதே!" அவரும் கிளீனரும் இறங்கி வந்து வண்டியை இழுத்துக் கரை சேர்த்தாங்க. ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்துச்சு. காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. பிஸ்டன் மேல வரும்போது தண்ணி வழிவிடாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். எஞ்சின் காலி. கல்லூரியில இதைப் படிச்சு மார்க் வாங்கினவன் நான். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, வண்டியை கியர்ல போட்டுத் தள்ளச் சொன்னார். பிளக் ஓட்டையிலிருந்து தண்ணி பீச்சி அடிச்சது. ராடு தப்பிச்சது. கிளம்பும்போது ஒண்ணுதான் கேட்டார்: "ரெண்டு மணிக்கு யாராவது இங்க இறங்குவாங்களா?"

ஊருக்கு வந்து அந்த எபிசோடைத் திரும்பப் போட்டேன். எலும்புச் சாலையில ஆறுகள் ஆழமா இருந்த இடத்துல அவங்க பைக்கை லாரியில ஏத்தித்தான் கடந்திருக்காங்க. கேமரா அதைக் காட்டுது. நான் முதல் தடவையும் அதைப் பார்த்திருக்கேன். தண்ணி சிதறினது மட்டும் மனசுல நின்னு, லாரி சுத்தமா மறந்து போச்சு. இசை, எடிட்டிங் எல்லாம் அந்தத் தண்ணிக்குத்தான் போட்டிருக்கு. அது தொடரோட தப்பு. லாரியை மறந்தது என் தப்பு.

அதுக்கப்புறம் முழுத் தொடரையும் லாரியைத் தேடித் தேடிப் பார்த்தேன். கஜகஸ்தான்ல போலீஸ் எஸ்கார்ட்டும் மீடியாவும் துரத்துறது அவங்களுக்கே எரிச்சலா இருக்கு. பிரபலமா இருக்கிறதால வழி திறக்குது, ஆனா ஊர் மறைஞ்சு போகுது. 'லாங் வே அப்'ல எலக்ட்ரிக் ஹார்லி பைக்குகள். துணை வண்டி கொடுத்த ரிவியன் நிறுவனம் வழியில சார்ஜர்களும் வச்சுக் கொடுத்துச்சு. மெக்சிகோவுல பாதுகாப்புக்காக ஒரு பஸ் வாங்கி, பைக்கை அதுல ஏத்திட்டுப் போறாங்க.

எனக்கு மறுபடி பார்த்தப்போ பிடிச்ச பகுதி மங்கோலியா. துணை வண்டிகள் வேற பாதையில போயிடுச்சு. சேறு. கிளாடியோவோட பைக் பிரேம் முறிஞ்சு போச்சு. உள்ளூர் ஆட்கள் வெல்டிங் வைக்கிறாங்க. பிரேக் சிஸ்டத்துல கோளாறு வந்து, கடைசியில அந்த வண்டியைச் சரி பண்ண தலைநகருக்கு அனுப்பிட்டு, கிளாடியோ ஒரு சின்ன சிவப்பு ரஷ்ய பைக் வாங்கி ஓட்டுறார். அங்க நடந்தது ஸ்பிதியில எனக்கு நடந்ததுதான்: முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட நின்னு உதவி கேட்கிறது. அந்த ஏற்பாடு எல்லாம் கைவிட்ட இடத்துலதான் தொடர் நிஜப் பயணத்துக்குப் பக்கத்துல வருது. அதைப் பார்த்து ஒருத்தர் கிளம்பினா, தாராளமா கிளம்பட்டும்.

இப்போ வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு. இஎம்ஐ இப்போ வேண்டாம். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியிலயே நாலு நாள் போயிட்டு வாங்க. அதுல ஒரு நாளை எந்தத் திட்டமும் போடாம காலியா விடுங்க. ஏதாவது சிக்கினா அந்த நாள் கைகொடுக்கும். போறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட, கிளட்ச் கேபிள் மாத்த, பிளக் கழட்டக் கத்துக்கோங்க. போற ரோட்டுல எத்தனை மணிக்கு ஊர்க்காரங்க பயணம் பண்றாங்கன்னு டீக்கடையில கேளுங்க. திரும்பி வந்த அப்புறமும் பெரிய வண்டி வேணும்னு தோணுச்சுன்னா, அப்போ பேசுவோம்.

உங்க பயணத்துல வந்த 'லாரி' எதுன்னு எல்லாரும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறோம். பத்திரமா ஓட்டுங்க மக்களே.