நோயாளியின் விருப்பமும் மருத்துவரின் கடமையும்

ஒரு சிகிச்சையை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் மருத்துவர் நம் கையொப்பத்தைக் கேட்பது இவ்வுரிமையைக் கருதியே ஆகும். தெளிந்த அறிவுடைய, வயது வந்த ஒருவர் 'இது எனக்கு வேண்டா' என்று கூறுவாராயின், அதனை அவர்மேல் திணித்தல் முறையன்று. ஆனால், நினைவிழந்து கிடப்பவரின் விருப்பத்தை எங்ஙனம் அறிவது? அவர் பொருட்டுப் பேசத் தக்கவர் யார்? மாணவ நண்பர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினா இது.

மும்பையிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றியவர் அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27 அன்று அங்குப் பணிபுரிந்த ஒருவன் அவரைக் கொடுமையாகத் தாக்கிக் கழுத்தை இறுக்கினான். மூளைக்குச் செல்ல வேண்டிய உயிர்வளி தடைப்பட்டது. உயிர் எஞ்சியது; தன்னுணர்வு மீளவில்லை. அன்று முதல் அம்மருத்துவமனைச் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். படுக்கைப் புண் வாராது அவர்கள் காத்த திறத்தை நீதிமன்றமே பாராட்டியது.

அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்தி, அவரை அமைதியாக இறக்க விடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். செவிலியரோ, அவர் வாழவே வேண்டும் என்றனர். 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வெளிவந்தது. இத்தனை ஆண்டுகள் பேணியவர்களே அவருக்கு உற்றார் எனக் கொண்டு, நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. எனினும், மீளும் வழியற்றவர்க்கு உயிர்காப்புச் சிகிச்சையை உயர் நீதிமன்றத்தின் இசைவோடு விலக்கிக்கொள்ளலாம் என்னும் நெறியையும் அத்தீர்ப்பே வகுத்தது. 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் அருணா இயற்கை எய்தினார்.

இரு தரப்பாரும் அன்பினால் பேசியவர்களே. ஆயினும் அவ்வழக்கில் ஒரு குரல் மட்டும் ஒலிக்கவில்லை. அஃது அருணாவின் குரல்.

அக்குறையை நீக்கும் வழியை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு காட்டியது. மாண்புடன் இறத்தலும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையில் அடங்கும் என்று அது கூறியது. 18 வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்; தமக்காகப் பேசத் தக்கவரையும் அதில் குறிக்கலாம். 2023இல் முறைகள் எளிதாக்கப்பட்டன. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். விரும்பும்போது அதனை மாற்றவும் செய்யலாம்.

எழுதி வைத்ததனாலேயே சிகிச்சை உடனே நின்றுவிடாது. மூன்று மருத்துவர் கொண்ட குழு நோயாளியை ஆராயும். மற்றொரு குழு அம்முடிவைச் சரிபார்க்கும். உறவினரின் பேராசையோ, செலவுக்கு அஞ்சும் அவசரமோ ஓர் உயிரின் முடிவைத் தீர்மானித்துவிடலாகாது அல்லவா?

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பயன் தாராத சுவாசக் கருவியை விலக்கி, நோய் தன் போக்கில் செல்ல விடுதல் ஒன்று. உயிரைப் போக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்துதல் மற்றொன்று. பின்னதை நம் நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. கருவியை விலக்கிய பின்னரும் மருத்துவரின் கடமை தீர்வதில்லை. வலியைத் தணித்தலும், மூச்சுத் திணறலை ஆற்றுதலும், அருகிருந்து தேற்றுதலும் எஞ்சியுள்ளன.

சாவைப் பற்றிப் பேசுதல் அமங்கலம் என்று நம் இல்லங்களில் ஒதுக்கி வருகிறோம். அதன் விளைவாக, தந்தையின் விருப்பம் இன்னதென்று அறியாத மக்கள், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று தம்முள் வாதிட நேர்கிறது. பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே, 'உங்கள் விருப்பம் யாது?' என்று பணிவோடு கேட்டறிதல் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையே ஆகும்.