பெல்லட் அடுப்பு வாங்கலாமா? மலைக்கு ஒரு பதில், சமவெளிக்கு ஒரு பதில்

2021இல் இத்தாலியில், மரத்தூளை அழுத்திச் செய்யும் எரிபொருளான பெல்லட்டின் 15 கிலோ பை ஒன்று ஏறக்குறைய 5 யூரோவுக்குக் கிடைத்தது. 2022 இலையுதிர்காலத்தில் அதே பை 12 யூரோவைத் தாண்டியது. எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து அந்த ஆண்டு பெல்லட்டுக்கு மாறியவர்கள், அடுப்பைப் பொருத்திய கையோடு இந்த விலையேற்றத்திலும் மாட்டிக்கொண்டார்கள். உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய, பெலாரஸ் மரப்பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருந்தது. ஊரே ஒரே நேரத்தில் பெல்லட் வாங்கக் கிளம்பியதும் சேர்ந்துகொண்டது. 2023இல் இத்தாலிய அரசு பெல்லட் மீதான மதிப்புக் கூட்டு வரியை 22 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது; 2024இல் வரி மறுபடி 22க்கே போனது. பை விலை பிறகு இறங்கிவிட்டது. என்றாலும், அடுப்பு வாங்க நினைப்பவர் இன்றைய விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு அந்தக் குளிர்காலமே சாட்சி.

பெல்லட் அடுப்பு என்பது சமையல் அடுப்பு அல்ல, அறையைச் சூடாக்கும் கணப்பு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீடுகளில் இருக்கிறது. மர அறுவை ஆலைகளில் மிஞ்சும் தூளை உலர்த்தி, துளையிட்ட இரும்பு அச்சில் அழுத்தித் தள்ளினால் 6 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகள் வரும்; அவைதான் பெல்லட். மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகித் தூளைப் பிடித்துக்கொள்வதால் பசை தேவைப்படுவதில்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ ஆடுவதைப் பார்த்து, விறகடுப்பின் நவீன வடிவம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது மின்சாரத்தில் ஓடும் இயந்திரம். மேலே உள்ள தொட்டியிலிருந்து மோட்டாரில் சுழலும் திருகுத்தண்டு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் கொட்டுகிறது. மின்கம்பி ஒன்று பழுத்துத் தீ மூட்டுகிறது. ஒரு விசிறி புகையை வெளியே இழுக்க, இன்னொன்று சூட்டை அறைக்குள் தள்ளுகிறது. மூட்டும் சில நிமிடங்களுக்கு 300, 400 வாட் தேவை. அதன்பின் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். செலவாகப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் பனிப்புயலில் மின்சாரம் போனால் அடுப்பும் அணையும். விசிறி நின்ற பிறகு மிச்சப் புகை தானாகவே மேலேறிப் போக வேண்டும். புகைபோக்கி கூரைக்கு மேல் வரை போக வேண்டும் என்று விதி சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை நீட்டினால் போதும் என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

இனிப் பணக்கணக்கு. நல்ல பெல்லட் கிலோவுக்கு 4.8 யூனிட் அளவு வெப்பம் தரும். 15 கிலோ பையில் 72 யூனிட். அடுப்பின் திறன் 90 சதவீதம் என்றால் அறைக்கு வந்து சேர்வது சுமார் 65. இதே சூட்டைப் பெறக் குழாய் எரிவாயு ஆறரை கன மீட்டர் வேண்டும். தோட்டத்துத் தொட்டியில் நிரப்பும் எல்பிஜி என்றால் சுமார் 10 லிட்டர், டீசல் கொதிகலன் என்றால் சுமார் 7 லிட்டர், ஹீட் பம்ப் என்றால் 20 யூனிட் மின்சாரம். கடையில் ஒரு பையின் விலையைக் கேட்டு, உங்கள் பில்லில் உள்ள விலையோடு இந்த அளவுகளைப் பெருக்கிப் பாருங்கள். எல்பிஜியும் டீசலும் எரிக்கும் வீடுகளில் பெல்லட் பெரும்பாலும் எளிதாக வெல்லும். குழாய் எரிவாயு இருக்கும் வீட்டில் ஓர் ஆண்டு வெல்லும், மறு ஆண்டு தோற்கும். நன்றாக வெப்பக்காப்பு செய்த வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால் பெல்லட்டைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கணக்கில் வராத உழைப்பு ஒன்று உண்டு. குளிர்காலத்துக்கு ஒன்றரை டன் பெல்லட் தேவைப்பட்டால் அது 100 பை. லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு நூறு முறை 15 கிலோ சுமக்கப்போவது யார் என்று அடுப்பு வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எரிகிண்ணத்தைத் தினமும் சுரண்ட வேண்டும், சாம்பலை வாரம் ஓரிரு முறை அள்ள வேண்டும். புகைபோக்கியையும் இயந்திரத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். ஏ1 தரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது பைக்கு 100 கிராம் அளவு. மலிவான பெல்லட்டில் சாம்பல் கூடும், கிண்ணத்தில் கட்டி தட்டும், அடுப்பு நடுராத்திரியில் நின்றுபோகும். விசிறியின் இரைச்சலும் இருக்கும். விறகடுப்பின் அமைதியை எதிர்பார்த்து வாங்குபவர்கள் முதலில் குறைப்படுவது இதைத்தான்.

சேமித்து வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும்: மூடிய கிடங்கில் குவித்த பெல்லட் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரிய சேமிப்பு அறைகளுக்குள் இறங்கியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். பைகளாக வாங்கும் வீட்டில் அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் காற்றோட்டமில்லாத நிலவறையில் அடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, வீடு எங்கே இருக்கிறது என்பது. போ ஆற்றுச் சமவெளியை வடக்கிலும் மேற்கிலும் ஆல்ப்ஸும், தெற்கில் அப்பெனைன் மலைகளும் அடைத்து நிற்கின்றன. குளிர்காலத்தில் அங்கே காற்று அசையாது. மேலே சூடான காற்று மூடிபோல் படுத்துக்கொள்ள, புகை கீழேயே தேங்கும். இத்தாலியில் எரிப்பிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் நேரடியாக வெளியாகும் பிஎம் 2.5 நுண்துகளில் பாதிக்கும் மேல் வீடுகளில் விறகும் பெல்லட்டும் எரிப்பதால் வருகிறது. அதனால் இத்தாலியில் அடுப்புகளுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடுகிறார்கள். லொம்பார்தியா, பியெமோந்தே, வெனெத்தோ, எமிலியா ரொமாஞ்ஞா ஆகிய நான்கு மாநிலங்களிலும் புதிதாகப் பொருத்துவதற்குக் குறைந்தது 4 நட்சத்திரம் வேண்டும்.

பழைய திறந்த கணப்பை எடுத்துவிட்டு பெல்லட் அடுப்பு வைத்தால் அக்கம்பக்கத்துக்கு நல்லது. எரிவாயுவை விட்டு பெல்லட்டுக்கு வந்தால் கெடுதல், 5 நட்சத்திரம் இருந்தாலும். கடைக்காரர் இந்த இரண்டாவதைச் சொல்லமாட்டார். அரசின் ‘கோந்தோ தெர்மிகோ’ மானியமும் பழைய விறகு, நிலக்கரி, டீசல் கருவியை அகற்றி மாற்றுபவருக்கே. எரிவாயு வீட்டில் கூடுதலாக ஒன்று வைத்தால் கிடையாது.

ஆக, எரிவாயுக் குழாய் எட்டாத ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில், எல்பிஜி தொட்டிக்குப் பணம் கொட்டுபவர் தயங்காமல் வாங்கலாம். போ சமவெளியில், இலங்கைத் தமிழர் பலர் வாழும் ரெஜ்ஜோ எமிலியாவிலும் பொலோஞ்ஞாவிலும் அடுக்குமாடியில் எரிவாயு இருந்தால், வேண்டாம் என்பேன். பாலெர்மோவில் இருக்கும் தமிழருக்கு இந்தக் கேள்வியே பெரிதில்லை: வெப்பமூட்ட விதி அனுமதிப்பதே டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணி நேரம்தான். கோடைக்கு மாட்டிய ஏசி சூடும் தரும் வகையாக இருந்தால் அதுவே போதும்.

வாங்குவது என்று முடிவானால், முதலில் அழைக்க வேண்டியவர் புகைபோக்கி பார்ப்பவர். குழாய் கூரை வரை போக வழியுண்டா, வெளிக்காற்று உள்ளே வரத் துளை எங்கே, மற்றக் குடியிருப்பாளர்கள் ஒப்புவார்களா என்பதெல்லாம் தெரிந்த பிறகே கடை. சாதாரண வகை அது நிற்கும் அறையைத்தான் சூடாக்கும். படுக்கையறைக்கும் சூடு வேண்டுமானால் காற்றுக்குழாய் அல்லது ரேடியேட்டரோடு இணையும் வகையைக் கேளுங்கள், விலை கூடும். அதிகத் திறனுள்ளதை வாங்கிச் சிறு அறையில் எப்போதும் மெல்ல எரியவிட்டால் கண்ணாடி கறுக்கும், கரி படியும். பெல்லட்டை மே, ஜூனிலேயே வாங்கி ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அக்டோபரில் கடைக்குப் போனால் அங்கே ஊரே நிற்கும்.