ஆமைக் குஞ்சும் பவளத்திட்டு மீன்களும்

கடலாமைக் குஞ்சுக்குப் பகை எது என்று வகுப்பில் வினவினால், கடற்பறவை என்றும் நண்டு என்றும் விடை வரும். பாடநூற் படங்களும் மணலில் குஞ்சைக் கவ்வும் பறவையையே காட்டுகின்றன. அது பொய்யன்று. ஆயினும், கண்முன் நிகழ்வதால் பெரிதாகத் தோன்றும் இடர் அது. குஞ்சுகளுள் மிகப் பல மாண்டுபோவது அலைக்கு அடியில், பவளத்திட்டு மீன்களின் வாயிலே.

பேராமை ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இடும். பொரித்த குஞ்சுகள் சில நாள் ஒன்றுசேர்ந்து மணலைக் குடைந்து மேலேறுகின்றன. மேல்மணல் சுடும்போது மேலே உள்ளவை அசையாமல் நின்றுவிடும். இரவில் மணல் குளிர்ந்ததும் எல்லாம் கூட்டமாகப் பொங்கி வெளிப்படும். அலையைத் தொட்டவுடன் தொடங்கும் நீச்சல் ஏறக்குறைய ஒரு நாள் ஓயாது நடைபெறும். வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவே அதற்குக் கட்டுச்சோறு. இத்தனை விரைவு ஏன் எனில், கரையை அடுத்த ஆழமில்லாத பவளத்தளத்தில்தான் களவா, சங்கரா, சுறா முதலிய மீன்கள் இரை தேடித் திரிகின்றன. அதைக் கடந்து ஆழ்கடலை அடைந்தால் ஆபத்துக் குறையும்.

இவ்வாபத்து எவ்வளவு என்பதை அளந்தவர் எமா கியூரிஸ் என்னும் ஆய்வாளர். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள ஹெரன் தீவில், பேராமைக் குஞ்சு ஒவ்வொன்றையும் 10 மீட்டர் நைலான் இழையிற் கட்டி, நீர்விளிம்பிலிருந்து திட்டின் ஓரம்வரை பின்தொடர்ந்தார். 1994இல் வெளிவந்த முடிவின்படி, நூற்றுக்கு 31 குஞ்சுகள் சராசரியாக மீனுக்கு இரையாயின. இழை கட்டியதால் குஞ்சின் வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம் என்று ஐயுறுவாரும் உண்டாகலாம். ஆயினும் கரையில் நேரும் இழப்பை நோக்க இது மிகப் பெரிது. பேரிழப்பு நீரில் இறங்கிய முதல் அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பது அவர் கருத்து.

சராசரியை மட்டும் மனனம் செய்வதிற் பயனில்லை. சில சோதனைகளில் ஒரு குஞ்சும் சாகவில்லை. சிலவற்றில் நூற்றுக்கு 85 வரை மாண்டன. வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு: கடலின் ஏற்றவற்றமும் நிலவும். கடல் வற்றிய வேளையில் தளத்தின்மேல் நீர் ஆழமின்றி நிற்பதால், மேலே நீந்தும் குஞ்சு அடியிலுள்ள மீனுக்கு எட்டும் தொலைவிலேயே செல்ல நேரும். நிலவொளியோ, கீழிருந்து நோக்கும் மீனுக்குக் குஞ்சின் உருவை வெட்டவெளிச்சமாக்கும். ஆகவே, இருட்டும் கடலேற்றமும் கூடிய இரவே குஞ்சுக்கு நல்ல இரவு.

எல்லா ஆமையும் விரைவையே நம்புவதில்லை என்பதை அறிந்தோர் சிலரே. சபாவின் குலிசான் தீவை ஒட்டிய கடலில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, அழுங்காமைக் குஞ்சு மெதுவாகவே நீந்துவதைக் காட்டியது. பழுப்பு நிறமுடைய அது, இடையிடையே கைகால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு மிதக்கும். நீரில் மிதந்துவரும் சருகென்றே தோன்றும். பேராமைக் குஞ்சோ மேலே கருமையும் கீழே வெண்மையுமாய் விரைந்தோடுகிறது. ஒன்றுக்கு ஓட்டம் காப்பு, மற்றொன்றுக்கு ஒளிப்பு.

மீனைக் கொடியது எனல் தகாது. ஆமை நூறு முட்டை இடுவதே இவ்விழப்பைத் தாங்கும் பொருட்டன்றோ! ஆனால் மனிதர் கைபட்ட இடத்தில் கணக்கு மாறுகிறது. அருகிலுள்ள சிலிங்கான் தீவில் 1966ஆம் ஆண்டிலேயே பொரிப்பகம் தொடங்கப்பெற்றது. முட்டைகளை உடும்பிடமிருந்தும் திருடரிடமிருந்தும் காக்கும் அரும்பணி அது. எனினும், எந்தப் பொரிப்பகமாயினும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாள்தோறும் குஞ்சுகளை விட்டால், மீன்கள் அவ்விடத்தைக் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில், பொரிப்பகங்களுக்கு எதிரேயுள்ள கடலில் வேட்டை மீன்கள் மிகுந்திருந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். தொட்டியில் நெடுநேரம் வைத்திருந்து விடுவதும் தீது. மஞ்சட்கருவின் வலிமை வீணே கரைந்து, தளத்தைக் கடக்கும் வேகம் குன்றிவிடும். பொரித்தெழுந்த அன்றிரவே, இருட்டில், கடலேற்றம் பார்த்து, நாளுக்கொரு துறையாக மாற்றி விடுதலே ஏற்றது.