வீட்டுல கட்டின விமானம்: பக்கத்து சீட்டுக்காரருக்கு என்ன வேலை?

ஆவூர்லேர்ந்து பேசுறேன். வீட்டுலயே விமானம் கட்டுறவங்களைப் பத்திப் பேசினாலே எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க: "இதுக்கு வீட்ல ஒத்துக்குவாங்களா?" சிரிச்சுக்கிட்டேதான் கேக்குறாங்க. ஆனா அது சரியான கேள்வி. எஞ்சின், இறக்கை எல்லாத்தையும்விட அதைத்தான் முதல்ல கேக்கணும். கணவன் மனைவியா சேர்ந்து வேகமான ஒரு சின்ன விமானத்தை வச்சுக்கிறதுன்னா, ஓட்டாத அந்த ரெண்டாவது ஆளோட பங்கு என்ன? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப்போறோம்.

நமக்குப் பக்கத்து உதாரணம், கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன். இங்கிலாந்தில் எஞ்சினியர். 2018-ல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். முதலில் ரெண்டு சீட்டு விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கிட்டிருந்தார். குடும்பம் நாலு பேர் ஆனதும் அது போதவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனி தயாரிக்கும் நாலு சீட்டு 'ஸ்லிங் டிஎஸ்ஐ' விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைச்சு, கொரோனா ஊரடங்கு காலத்துல, எசெக்ஸில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கட்ட ஆரம்பிச்சார். 2022 பிப்ரவரியில் அது முதல்முறை பறந்தது. பேரு ஜி-தியா; தியா அவரோட சின்ன மகள். செலவு சுமார் 1,40,000 பவுண்டுன்னு செய்திகள்ல வந்தது. அந்தப் பணத்தைக் குடும்பமே சேர்ந்து மிச்சம் பிடிச்சது. ஒரு ஆள் தனியா பிடிக்க முடியாத பாகங்களைப் பொருத்தும்போது மனைவியும் கை கொடுத்தார்.

இந்தக் "கை கொடுத்தார்"ங்கிறதைச் சாதாரணமா நினைக்காதீங்க. அலுமினியத் தகட்டுல ரிவிட் அடிக்கும்போது ஒருத்தர் வெளியிலிருந்து துப்பாக்கியால அடிக்கணும், இன்னொருத்தர் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துப் பிடிக்கணும். ஒரு விமானத்துல இப்படி ஆயிரக்கணக்கான ரிவிட்டுகள். வருஷக்கணக்கா சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதுக்கே போயிடும். கட்டி முடிக்காம பாதியில வித்துடுறவங்களும் நிறைய. வீட்டுல இன்னொருத்தருக்கு இது வேண்டாத வேலைன்னா, கொட்டகையிலேயே கதை முடிஞ்சுடும்.

சரி, கட்டியாச்சு. உடனே ரெண்டு பேரும் பறக்கலாமா? அமெரிக்காவில் முடியாது. அங்கே புதுசா கட்டின விமானம் வழக்கமா முதல் 40 மணி நேரம் சோதனையில பறக்கணும். சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடின்னா 25 மணி நேரம். அதுவரைக்கும் பயணி ஏறக்கூடாது. ரெண்டு வருஷம் கூட நின்னு கட்டின மனைவி, தரையில நின்னு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கை: அந்த விமானத்துக்கு வருஷாந்திர சோதனையைத் தானே செய்யலாம்னு கட்டினவருக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க. ரெண்டு பேரா கட்டியிருந்தாலும் அது ஒருத்தருக்குத்தான். அப்புறம், உள்ளே உட்கார்ந்ததும் கண்ணுக்கு எதிரே ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இது அமெச்சூர் கட்டினது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லைன்னு. சீட் பெல்ட் போடும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படிக்கணும்.

வேகத்துக்கு வருவோம். இந்த வகையில ரொம்பப் பிரபலமானது ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வெனின் 'ஆர்வி' விமானங்கள். பக்கத்துல பக்கத்துல உட்காருற ஆர்வி-7, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகும். திருச்சியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனா எடைக் கணக்கு கறார். மொத்தம் 816 கிலோ தாண்டக்கூடாது. விமானமே கிட்டத்தட்ட 500 கிலோ, டேங்க் நிறைய பெட்ரோல் 114 கிலோ. மிச்சம் 200 கிலோவில்தான் ரெண்டு பேரும் பெட்டியும். பெட்டிக்கு உச்சவரம்பு 45 கிலோ. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் போறப்போ பட்டுப்புடவைப் பெட்டி, சீர் சாமான்னு கிளம்புவோமே, அதெல்லாம் இங்கே நடக்காது. ரெண்டு பேரும் தராசுல ஏறி, உண்மையான எடையைச் சொல்லணும். அதுல கூச்சப்பட்டா ஆபத்து. பெட்ரோல் தீரத் தீர விமானத்தோட எடை மையம் பின்னாடி நகரும். அதனால கிளம்பும்போது மட்டுமில்ல, இறங்கும்போது எப்படி இருக்கும்னும் கணக்குப் போடணும்.

இதைவிட வேகமான லான்கேர் மாதிரி விமானங்கள் இருக்கு. வேகத்துக்காக இறக்கையைச் சின்னதாக்கினா, இறங்கும் வேகமும் கூடும், தப்பு பண்ண அவகாசமும் குறையும். 2008-ல் அமெரிக்க விமானத் துறை கணக்கெடுத்தப்போ, வீட்டுல கட்டின விமானங்கள்ல லான்கேர் 3 சதவீதத்துக்குச் சற்று மேலதான். ஆனா 11 மாசத்துல அந்த வகை விமானங்களுக்கு நடந்த உயிர்ச்சேத விபத்துகள்ல அதோட பங்கு 16 சதவீதம். குடும்பத்தோட போறவங்க முதல் விமானமா இதை வாங்கக்கூடாதுங்கிறது என்னோட கருத்து.

இப்போ எல்லாரும் பேசத் தயங்குற விஷயம். ஓட்டுறவருக்கே வானத்துல ஏதாவது ஆயிட்டா?

2012 ஏப்ரல்ல விஸ்கான்சின் மாநிலத்துல அதுதான் நடந்தது. அது வீட்டுல கட்டினது இல்ல, ரெட்டை எஞ்சின் செஸ்னா. ஓட்டிக்கிட்டிருந்த கணவர் வழியிலேயே இறந்துட்டார். பக்கத்துல 80 வயசு மனைவி. பல வருஷத்துக்கு முன்னாடி கொஞ்சம் பயிற்சி எடுத்தவர். இன்னொரு விமானி தன் விமானத்துல பக்கத்துலயே பறந்து ரேடியோவில் வழி சொல்ல, கடைசியில ஒரு எஞ்சின் பெட்ரோல் தீர்ந்து நின்ன நிலையிலயும், அந்தம்மா தரையிறக்கிட்டார். காயத்தோட உயிர் பிழைச்சார்.

அந்தப் பழைய பயிற்சி இல்லாம இருந்திருந்தா? அமெரிக்க விமானிகள் சங்கம் இதுக்குன்னே, ஓட்டத் தெரியாத துணைக்கு, ஒரு சின்னப் பயிற்சி வச்சிருந்தது. ரேடியோவில் உதவி கேக்கிறது, விமானத்தை நேராப் பிடிக்கிறது, எப்படியாவது கீழே கொண்டுவர்றது. அவ்வளவுதான். சின்ன ஆர்வியை செஸ்னாவைவிடத் தொட்டதும் திரும்புற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அதனால இந்தப் பாடத்தை வேற விமானத்துல கத்துக்கிட்டு வந்தா போதாது. தன் விமானத்துல, தன் பக்கத்துக் கம்பியைப் பிடிச்சு, பழகணும்.

இங்கே சட்ட வழி நீளம். மும்பையில மொட்டை மாடியில ஆறு சீட்டு விமானம் கட்டின அமோல் யாதவுக்குப் பதிவே 2017-லதான் கிடைச்சது. அதுக்கு முன்னாடி பல வருஷம் அலைஞ்சார். ஆனா 1910-லயே மதராஸ்ல ஹோட்டல் நடத்தின டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில ஒரு விமானத்தைக் கட்டவச்சு, பல்லாவரத்துல ஓட்டிப் பார்த்திருக்கார். அந்தக் கதை அடுத்த எபிசோடுல.