வானத்துத் தூசும் மூக்கடித் தூசும்

செயற்கைக்கோள் படம் காட்டுவது எது?

ஆனி, ஆடி மாதங்களில் அரேபியப் பாலைவனப் புழுதி அரபிக்கடலைத் தாண்டி இந்தியா நோக்கி வருவது உண்மை. 2022 ஜனவரியில் பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த புழுதி மும்பையையே மங்கச் செய்தது. அதற்காக, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காங்கேயத்தில் கிளப்பும் தூசையெல்லாம் பாலைவனத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. செயற்கைக்கோள் படமும் அதற்குச் சாட்சியாகாது. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி, தூசில் பட்டுத் திரும்பும் வெயிலை அளக்கிறது. கிடைப்பது தரை முதல் வான் உச்சி வரையிலான மொத்தக் கணக்கு. அதில் மூக்கடியில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது. மேகம் மூடினால் அந்தக் கணக்கும் இல்லை. ஆடியில் மேகத்துக்கா பஞ்சம்!

2006 முதல் 2023 வரை இயங்கிய காலிப்சோ செயற்கைக்கோள், லேசர் ஒளியைப் பாய்ச்சி, தூசு எந்த உயரத்தில் மிதக்கிறது என்று காட்டியது. உருண்டையான துளிகளையும் கரடுமுரடான பாலைவனத் துகள்களையும் அதனால் பிரித்தறிய முடிந்தது. தரையில் சூரிய ஒளிமானி வேறு வழியில் துப்பறிகிறது. புகையின் நுண்துகள்கள் நீல ஒளியையே அதிகம் மறைக்கும்; பருத்த மண்துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் மறைக்கும். ஆனாலும் நாம் இழுக்கும் மூச்சில் எவ்வளவு தூசு என்பதை அந்தந்த ஊரில் வைத்த காற்றுத்தர அளவிதான் சொல்ல வேண்டும்.

நுரையீரல் ஊர் கேட்பதில்லை

‘மண் தூசுதானே, என்ன செய்துவிடும்?’ என்பார்கள். துகள் எங்கிருந்து வந்தது என்பதைவிட அதன் பருமன்தான் முக்கியம். 10 மைக்ரானுக்கு உட்பட்டவை மூச்சுக்குழலில் எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்பும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை காற்றறைகள் வரை இறங்கும். 10 மைக்ரான் துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக இந்தியா வைத்த வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 45. இரண்டுமே பாலைவனத் தூசுக்கென்று தனிச் சலுகை தரவில்லை.

‘பாலைவனத்தை யார் தடுப்பது?’ என்ற கேள்வி நியாயமானது. தடுக்க முடியாததன் பங்கு தெரிந்தால்தான், தடுக்கக்கூடிய அரிசி ஆலை உமிச்சாம்பலும் சாலைப் புழுதியும் பஞ்சுத் தூசும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாது. விடுமுறை முடிந்து பஞ்சு மில்லுக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுகினால், அது பஞ்சுத் தூசு தரும் பிசினோசிஸ் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புழுதி மிகுந்த நாளில் தண்ணீர் தெளித்தே கூட்டலாம். நுண்துகளுக்கு முகத்தில் கட்டும் துண்டு போதாது, முகத்தோடு படியும் என்95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.