வீட்டு வரியும் ஊர் வளர்ச்சியும்

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊராக விளங்கியது. 1964ஆம் ஆண்டில் அங்குத் தொழிற்பேட்டை தோன்றியது. தொழிலாளர் குடியேறினர்; வயல்கள் மனைகளாயின; நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் ஏறின. 2011ஆம் ஆண்டில் அவ்வூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது.

ஊர் வளர்ந்தால் சாலை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றின் செலவும் வளரும். அதற்குரிய வருவாய்களுள் ஒன்று சொத்து வரி. வீட்டை விற்றால் கிடைக்கும் விலை இவ்வரிக்கு அடிப்படை அன்று. ஓராண்டில் அவ்வீடு ஈட்டத்தக்க வாடகை மதிப்பே அடிப்படை. தெரு, கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு ஆகியவற்றைக் கருதி அதனைக் கணிப்பர். ஆதலின் சொந்த வீட்டில் வாழ்வோரும், வாடகை பெறாவிடினும், அரையாண்டுதோறும் வரி செலுத்துவர்.

சந்தை நிலவரம் ஓயாது மாறும். வரி மதிப்பீடோ திருத்தும்போதுதான் மாறும். 2018ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட வரி மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொதுத் திருத்தத்தில், 2011இல் இணைந்த பகுதிகளில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு வரி 25 விழுக்காடு உயர்ந்தது. 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு உயர்ந்தது. சிறு வீட்டார்மேல் சுமை குறைவாக விழுமாறு இங்ஙனம் வகுக்கப்பட்டது.

நெடுங்காலம் திருத்தாது விட்டால் ஊர்ப்பணி தளரும். ஒருங்கே உயர்த்தினாலோ, ஓய்வூதியத்தால் வாழும் முதியவர் வருந்துவர். அவர் மனையின் விலை ஏறியிருக்கலாம். கையிலுள்ள பணம் ஏறவில்லை அன்றோ! உரிய காலந்தோறும் சிறிது சிறிதாகத் திருத்துவதே இவ்விரு தீங்குகளையும் நீக்கும் நெறியாகும்.